வலது கையிலிருந்து இடது கைக்கு

என் வீட்டுக்காரருக்குத் தராசு ரிப்பேர் செய்யும் வேலை. நகைக்கடை, கறிக்கடை, பழைய இரும்புக் கடை என்று எங்கே எடை தவறினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வேலை கடையோடு முடிந்துவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை. அதை வீட்டுக்கும் கூட்டிவந்துவிடுவார். எங்கள் வீட்டில் எடை போடப்படாதது நான் ஒருத்திதான், அதுவும் நான் முறைத்த முறைப்பில் தப்பித்தேன். மற்றதெல்லாம் ஒருமுறையாவது சமையலறை மேடையில் இருக்கும் தராசில் ஏறி இறங்கியிருக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு இவர் ரிமோட் விமானம் விடப் போவார். பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிற பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். நான் இரண்டு கையையும் விரித்தாலும் இறக்கையின் இரு நுனியும் எட்டாது. குட்டிக்கரணம் போடும், மல்லாந்து பறக்கும், செங்குத்தாக ஏறி அந்தரத்தில் நின்று யோசித்துவிட்டுத் தலைகீழாக இறங்கும். சும்மா பறப்பது இவர்களுக்கு அவமானம். போட்டியில் ஐந்து கிலோவுக்கு மேல் இருந்தால் சேர்க்கமாட்டார்கள் என்பதால், கட்டும்போதே ஒவ்வொரு திருகாணியையும் எடை போடுவார். பசையைத் தடவியதும் ஒரு தடவை, காய்ந்த பிறகு ஒரு தடவை. மைதானத்தில் இவருக்குக் 'கிராம்' என்று பெயர். என்னைக் 'கிராம் வீட்டம்மா' என்பார்கள். எனக்கென்று ஒரு பெயரும் ஒரு வேலையும் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது.

வேலை என்றால், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தரும் டீச்சர் நான். விசில் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும் குரல். இந்தக் குரல்தான் என்னை மாட்டிவிட்டது. போட்டியில் பறக்கவிடுகிறவர் விமானத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது. எடுத்தால் திரும்பப் பார்க்கும்போது அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. அதனால் அவருக்குப் பின்னால் ஒருவர் நின்று, அடுத்து என்ன வித்தை என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவரைக் காலர் என்கிறார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆளில்லை என்று என்னை நிறுத்தினார். அப்படியே நின்றுவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்தும் இருந்தது. வீட்டில் நான் நாலு தடவை சொன்னால்தான் இவர் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். மைதானத்தில் "அடுத்தது பெரிய வளையம், ரெடி, இப்போ" என்று சொன்னால் அந்த நொடியிலேயே வளையம் போடுவார். "மல்லாக்க" என்றால் மல்லாக்க. வாரத்தில் ஒருநாளாவது சொன்னது நடக்கிறதே என்று தவறாமல் போனேன்.

போன வருஷம் டீ கப்பு சத்தம் போட ஆரம்பித்தது. இவர் சாசரோடு எடுத்தால் கிணுகிணு என்றது. "சாசர் அடி சரியில்ல" என்றார். வேறு சாசர் வைத்தேன். அதற்கும் அடி சரியில்லை. பிறகு சாசர் வேண்டாம் என்றார். பிறகு அரை கப்பு போதும் என்றார். நான் கேட்டால் தூக்கம் போதவில்லை, கருவிப் பெட்டி கனம், வெயில் என்று ஏதாவது சொல்லுவார். வலது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பேசுகிற பழக்கம் புதிதாக வந்தது. நகைக்கடைத் தராசு என்றால் சின்னச் சின்ன எடைக்கல்லை இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டும். அந்த வேலைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தார். கடைசியில் லாரி நிறுத்தி எடை போடுகிற இடங்களும் பழைய இரும்புக் கடைகளும்தான் மிஞ்சின.

"ஆஸ்பத்திரில நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்கார், ஒரு தடவை காட்டிடலாங்க" என்றேன்.

"எதை?"

"கையைத்தான்."

"கைக்கு என்ன?"

கல்லுளிமங்கனிடம் என்ன பேச முடியும்? எனக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு, எல்லைக்கோட்டை அவர்கள் தாண்டிய பிறகும் ஸ்டாப்வாட்ச்சை அமுக்காமல் நின்றேன். "டீச்சர், டைம் என்ன?" என்று கேட்ட பெண்ணிடம் தெரியவில்லை என்று சொன்னேன்.

விசேஷம் என்னவென்றால், விமானம் நடுங்கவில்லை. முன்பைவிட நிதானமாகப் பறந்தது. எப்படி என்று எனக்குச் சொன்னது மைதானத்துப் பல் டாக்டர். அவரும் விமானம் விடுகிறவர்தான், சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். ஒருநாள் இவருடைய ரிமோட்டில் பேட்டரி மாற்றும்போது திரையைப் பார்த்திருக்கிறார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், சார் எக்ஸ்போ ரொம்ப ஏத்தி வச்சிருக்கார். அவ்வளவு யாரும் வைக்கமாட்டாங்க."

"அப்படின்னா?"

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ரிமோட்டில் இரண்டு குச்சிகள் உண்டு. அவற்றை அசைத்தால் விமானம் அசையும். எக்ஸ்போ என்கிற கணக்கை ஏற்றினால் குச்சியின் நடுப்பகுதி மந்தமாகிவிடும். காது மந்தமான மாமியார் மாதிரி. முணுமுணுத்தால் கேட்காது, கத்தினால் கேட்கும். இவருடைய கை நடுங்குவது முணுமுணுப்பு, அது விமானத்துக்குப் போய்ச் சேராது. நடுக்கம் கூடக்கூட எக்ஸ்போவைக் கூட்டியிருக்கிறார்.

"நீங்களே அவர்கிட்ட டாக்டரைப் பாக்கச் சொல்லுங்களேன்" என்றேன்.

"நான் பல் டாக்டர் மேடம். கையைப் பத்திப் பேசினா, பல்லை மட்டும் பாருன்னுடுவார்."

அதே சமயம் இவர் வருடாந்தரப் போட்டிக்குப் புது விமானம் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் நீள மேஜை. எங்கே பார்த்தாலும் பால்சா மரத்தூள். பால்சா என்பது மரம்தான், ஆனால் தூக்கினால் கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். நான் கூட்டிப் பெருக்கினால், "தூளைக் கொட்டிடாத, எவ்வளவு சீவியிருக்கேன்னு பாக்கணும்" என்பார். அதற்கும் எடை.

மரச்சட்டத்தின்மேல் கலர் பிளாஸ்டிக் தாள் ஒட்ட வேண்டும். சின்ன இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் தாள் சூட்டில் சுருங்கி மேளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். கை ஒரு நொடி நின்றால் ஓட்டை விழும், கை ஆடினால் சுருக்கம் விழும். இந்த வேலைக்கு இத்தனை வருஷமாக என்னைக் கிட்டே சேர்த்ததில்லை. இந்தத் தடவை இஸ்திரிப் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"உனக்கு இஸ்திரி நல்லா வரும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ சட்டை தேய்த்துக் கொடுத்திருக்கிறேன். நன்றாக வருகிறது என்று அன்றைக்குத்தான் சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய நேரம், எனக்குத்தான் முடியவில்லை. பெட்டியை வாங்கித் தேய்த்தேன். நீல இறக்கை, அடியில் மஞ்சள் பட்டை. மல்லாந்து பறக்கிறதா நேராகப் பறக்கிறதா என்று கீழே இருந்து தெரிவதற்கு மஞ்சள். நாலு இடத்தில் குமிழி விட்டேன், ஊசியால் குத்தி மறுபடி தேய்த்தேன். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று பின்னால் நின்று காட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்குக் காலர் அவர்.

கட்டி முடித்ததும் எடை சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு இறக்கைக்கு அடியிலும் ஒவ்வொரு விரல்நுனியை வைத்துத் தூக்கினால், மூக்கும் சாயக் கூடாது, வாலும் சாயக் கூடாது. இவர் தூக்கினார். விமானம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"ஃபேனை நிறுத்து" என்றார்.

"ஃபேன் ஓடலை."

ஃபேனைப் பார்த்தார். அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. விமானத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். நான் தூக்கிப் பிடித்தேன். மூக்குக் கொஞ்சம் தாழ்ந்தது. பேட்டரியை விரல் அகலம் பின்னால் தள்ளினார், சரியானது. அப்போது, மேஜையைப் பார்த்தபடியே, அவராகவே பேசினார்.

"போட்டி முடியிற வரைக்கும் டாக்டர் பேச்சை எடுக்காத. கை நடுங்கி இந்த பிளேன் விழுந்துச்சுன்னா, நீ சொல்ற எடத்துக்கு நான் வரேன்."

"சத்தியமா?"

"சத்தியம் எதுக்கு? சொல்றேன்ல."

சரி என்றேன். என் நிலைமையைப் பாருங்கள். விமானம் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, விழக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா? அதன் இறக்கையைத் தேய்த்ததே நான்தான்.

புது விமானத்தை மைதானத்தில் விட்டுப் பார்த்தார். எக்ஸ்போ ஏறிப்போனதில் குச்சி ரொம்பவே மந்தமாகியிருந்தது. மெதுவாகப் புரளும்போது லேசாகத் திருத்த வேண்டிய இடத்தில் லேசாக அசைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அசைத்தால் திடுக்கென்று அளவுக்கு மீறி நடந்தது. இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் ரிமோட்டைத் திருப்பி முதுகைக் கழற்றினார்.

விமானத்தை ஏற்றி இறக்குவதும் புரட்டுவதும் இவருக்கு வலது குச்சி. மோட்டாரின் வேகம் இடது குச்சி. அதை அப்படியே மாற்றினார். வேகம் வலது கைக்குப் போனது, அது நடுங்கினாலும் மோட்டார் கண்டுகொள்ளாது. திசை திருப்புகிற வேலையும் கொஞ்சம் அந்தப் பக்கம் போனது, அதில் மட்டும் எக்ஸ்போவை விட்டுவைத்தார். முக்கியமான காரியமெல்லாம் இடது கைக்கு. குச்சியை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவர உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கைப் பக்கம் மாற்ற வேண்டும், இவர் சொல்லச் சொல்ல நான் மாட்டினேன். இதைக் கேள்விப்பட்ட பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் பழகின கையை மாற்றுகிறவர்கள் யாருமே கிடையாதாம்.

இவர் மாற்றினார். இடது கையால் பல் தேய்த்தார், இடது கையால் கதவைப் பூட்டினார். மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால். அதில் விமானம் விட்டுப் பழகுவதற்கென்று ஒன்று இருக்கிறது, விழுந்தாலும் செலவில்லை. நான் துணி மடிக்கும்போது விழும், காய் நறுக்கும்போது விழும், போனில் என் தங்கையிடம் பேசும்போது விழும். "அங்க என்ன சத்தம்?" என்பாள். "உன் மாமா விழுந்துட்டார்" என்பேன். முதலில் பதறினாள், அப்புறம் பழகிவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக விழுவது குறைந்தது. ஒருநாள் சாயங்காலம் முழுக்கச் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். திரையில் விமானம் மல்லாந்து, கோடு கிழித்த மாதிரி போய்க்கொண்டிருந்தது. கோபமாகத்தான் இருந்தது, ஆனாலும் மனசுக்குள் பெருமைப்பட்டேன்.

போட்டியன்று காற்று அதிகமில்லை. மைதானம் ஊருக்கு வெளியே, சிமெண்டுக் கிடங்குக்குப் பின்னால். நடுவர்கள் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். விமானத்தை எடை போட்டார்கள், ஐந்து கிலோவுக்குள்தான் இருந்தது. எவ்வளவு உள்ளே என்று இவரே அவர்களுக்குச் சொன்னார். நான் பின்னால் போய் நின்றேன். காலர் விமானத்தைப் பார்க்க வேண்டும் அல்லது கையிலிருக்கும் வரிசைச் சீட்டைப் பார்க்க வேண்டும். வரிசை எனக்கு மனப்பாடம். நான் இவருடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரிய வளையம். ரெடி. இப்போ."

போட்டார். இடது கை மெதுவாகப் பின்னால் வந்தது, வலது கை வேகத்தைக் கூட்டிக் குறைத்தது. நடுங்கத்தான் செய்தது, ஆனால் மோட்டார் கண்டுகொள்ளவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது என்று நான் சொல்லச் சொல்லப் போட்டுக்கொண்டே போனார். மெதுவான புரட்டலில் ஒரு பிசகு இல்லை. பின்னால் யாரோ "கிராம் இன்னைக்குப் பிரமாதம்" என்றது கேட்டது. 

கடைசிக்கு முந்தியது சுழல். உயரத்தில் மோட்டாரை அடியோடு குறைக்க வேண்டும். விமானம் நின்று, மூக்கைத் தொங்கப்போட்டு, உதிர்ந்த இலை மாதிரி சுழன்றுகொண்டே இறங்கும். குறித்த சுற்றில் நிறுத்தி, செங்குத்தாகக் கொஞ்சம் இறக்கி, பிறகு குச்சியைப் பின்னால் இழுத்து நிமிர்த்த வேண்டும்.

"சுழல். ரெடி. இப்போ."

சுழன்றது. ஒரு சுற்று கூடிவிட்டது. நிறுத்தினார், ஆனால் நினைத்ததைவிடக் கீழே வந்திருந்தது. நிமிர்த்த வேண்டியதுதான் பாக்கி. இழுத்தார்.

வலது கையால் இழுத்தார்.

அது மோட்டார் குச்சி. ஏற்கெனவே அடியில்தான் இருந்தது. அடியில் இருந்ததை இன்னும் அடிக்கு இழுத்துக்கொண்டிருந்தார். இடது கை பக்கத்திலேயே, சரியான குச்சிமேல், சும்மா இருந்தது.

"அந்தக் கை இல்லங்க!" என்று கத்தினேன்.

"தெரியுது" என்றார்.

தெரிந்தும் இழுத்துக்கொண்டேயிருந்தார். விரல் மூட்டெல்லாம் வெளுத்துவிட்டது. "தெரியுது, தெரியுது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, மோட்டார் சத்தம்கூட இல்லாமல், நீலமும் மஞ்சளுமாக நேராக வந்து தரையில் சொருகியது. நடுவர்கள் எழுந்து நின்றார்கள். நான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். அந்தக் கை ஒரு இம்மிகூட நடுங்கவில்லை.

பல் டாக்டர் ஓடிவந்தார். "சார், கை..."

"கை நடுங்கலை" என்றார் இவர்.

"இல்ல சார். நானும் பாத்தேன். நடுங்கலை."

போச்சு என்று நினைத்தேன். எங்கள் பேச்சுவார்த்தையில் இப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று யார் கண்டது? கை நடுங்கி விழுந்தால்தானே டாக்டர். இது நடுங்காமல் விழுந்துவிட்டது. இனி இவரை அசைக்க முடியாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. கோணிப்பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

மூக்கு மண்ணுக்குள் போயிருந்தது. இறக்கை நான் தேய்த்த தாளோடு சேர்ந்து கிழிந்திருந்தது. வால் மட்டும் முழுசாக இருந்தது. இவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ரிமோட் இன்னும் கழுத்தில் தொங்கியது. இடது குச்சியைப் பின்னால் இழுத்தார். உடைந்து கிடந்த விமானத்தின் வாலில் இருந்த பலகை அழகாக மேலே எழும்பியது. விட்டார், இறங்கியது. மறுபடி இழுத்தார். மறுபடி எழும்பியது.

"பிளேன்ல கோளாறு இல்ல" என்றார்.

ரிமோட்டை அணைத்தார், பேட்டரியைக் கழற்றினார். சிதறிக் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நான் இறக்கைத் துண்டுகளைப் பையில் போட்டேன். 

"நாளைக்கு அவர் இருப்பாரா?" என்றார்.

"யாரு?"

"நீ சொல்லிட்டே இருந்தியே, அந்த டாக்டர்."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "பேச்சுப்படி நீங்க வர வேண்டியதில்லையே. கைதான் நடுங்கலையே."

"நடுங்கல. அதுக்குத்தான்."

எனக்குப் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"நடுங்குறப்பகூட அது என் கைதான். போன்னா போகும், வான்னா வரும், கொஞ்சம் ஆடிக்கிட்டே வரும், அவ்வளவுதான். இன்னைக்கு விடு விடுன்னு உள்ளுக்குள்ள கத்துறேன். அது விடல. நீ கத்துனதும் காதுல விழுந்துச்சு. அப்பவும் விடல." கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மறுபடி லேசாக ஆட ஆரம்பித்திருந்தது. "பயமா இருக்கு" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறேன். கெஞ்சியிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்திருக்கிறேன். ஜெயித்துவிட்டேன். ஆனால் கேட்டதும், வரமாட்டேன் என்று அடம்பிடித்திருக்கக் கூடாதா, ஏதாவது உப்புப்பெறாத சாக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. நான் மட்டும் பயந்துகொண்டிருந்தவரை தேவலையாக இருந்தது. இப்போது அவரும் பயந்தால் வீட்டில் தைரியத்துக்கு யார் இருக்கிறார்கள்? அழுகை வந்தது. மைதானத்தில் அத்தனை பேர் பார்க்க அழுதேன்.

"கைக்குட்டை குடுங்க" என்றேன்.

எடுத்து நீட்டினார். பொறுக்கிய திருகாணிகளை அதில்தான் முடிந்து வைத்திருந்தார். அவிழ்க்கப் பார்த்தார், விரல் முடிச்சில் நிற்கவில்லை. பரவாயில்லை என்று முடிச்சோடு வாங்கி, மிச்சமிருந்த மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.